தோண்டி எடுக்க ஓர் ஆள்

கால்கரி
மார்ச் 3, 1997

லீசல்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் பெயர் மட்டும்.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. டயர் வாங்க நம் சைக்கிள் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் இருந்தவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "உன் ஃப்ரெண்டு பெரிய ஆளுதான் போ! கார்னெட் கிரீக்லயே குடியேறிட்டாளே. புது பிரேக்கை அங்க அனுப்பச் சொல்லி விலாசம் குடுத்திருக்கா. கிராண்டும் அங்கதான் இருக்கானாம். நீ எப்ப கிளம்புற?" என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீயே சொல்.

மூன்று வருடம், லீசல். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு உன் ஓட்டை வேனில் ஏறி மலை மலையாக அலைந்தோம். ஓர் ஊரில் பனி அருமை, சைக்கிள் ஓட்ட ஒரு பாதை கிடையாது. இன்னோர் ஊரில் பாதை இருந்தது, ஆனால் பணக்காரர்கள் வந்து ஊரையே ஹோட்டலாக்கிவிட்டார்கள். இன்னொன்றில் எல்லாம் இருந்தது, வேலை மட்டும் இல்லை. கடைசியில்தான் கார்னெட் கிரீக். ஏரிக்கு இந்தப் பக்கம் வெயில் படாத சரிவு, மே மாதம் வரை பனி கிடக்கும். அந்தப் பக்கம் நாள் முழுக்க வெயில், ஏப்ரலிலேயே மண் காய்ந்துவிடும். காலையில் பனியில் சறுக்கிவிட்டு மத்தியானம் சைக்கிளை எடுக்கலாம். அதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியது யார்? நான்.

நீ தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னாய்? "பனியே இல்லடி அங்க. ஊர்க்காரங்களும் மூஞ்சி குடுத்துப் பேசல. அந்த இடம் நமக்கு வேணாம், விட்டுத் தள்ளு." இடங்களைப் பார்த்து எழுதுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒரு மலைப் பத்திரிகையில் உட்கார்ந்திருக்கிற நான், உன் வாய்ச்சொல்லை நம்பினேன். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கிராண்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஐந்து வருடம் என்னோடு இருந்தும் ஈரக் காலுறையை எங்கே காயப்போடுவது என்று கற்றுக்கொள்ளாத ஜென்மம். நீயே வைத்துக்கொள். ஆனால் அந்த மலை என்னுடையது. அதை எடுத்துக்கொண்டதற்கு உன்னை அழவைக்காமல் விடமாட்டேன்.

மார்னி

*

கார்னெட் கிரீக்
ஏப்ரல் 11, 1997

மார்னி,

உன் கடிதத்தை அடுப்பில் போடத்தான் நினைத்தேன். ஆனால் உனக்குப் பயந்து பதில் எழுதவில்லை என்று நீ நினைத்துவிடுவாய்.

ஆமாம், பொய்தான் சொன்னேன். என்ன இப்போது? மூன்று வருடமும் எனக்குப் பிடித்த ஒவ்வோர் ஊரையும் நீதானே தட்டிக் கழித்தாய்? சரிவில் முதலில் இறங்குவது நீ. புதுப் பனியில் கோடு போடுவது நீ. நீ உழுதுவிட்டுப் போன பாதையில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நான். கீழே நின்றுகொண்டு, "என்னடி, வர்றியா இல்ல தூங்கிட்டியா?" என்று கத்துவாய். எல்லோரும் சிரிப்பார்கள். நீ இல்லாத ஒரு மலை எனக்கு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

கிராண்ட் தானாக வந்தான். நான் கூப்பிடவில்லை.

இங்கே செர்னோஃப் குடும்பத்தின் ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். போலி என்ற பெயருடைய அந்த வீட்டு அம்மாள் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் புருஷன் வால்ட்தான் இந்த ஊரில் எல்லாம். பாதை வெட்டுவது, பனி வாகனம் ஓட்டுவது, யாரை மேலே கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்வது, எல்லாம் அவர்தான். பனிச்சரிவில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிணம்தான் என்பது உனக்கும் தெரியும். அதனால் இங்கே யாரும் தனியாக மலையேறுவதில்லை. புதிதாக வந்தவளைப் பற்றி வால்ட் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "இவ நமக்காகத் தோண்டுவாளா?" கடையில் இருப்பவர்கள் தலையாட்டினால் ஆயிற்று. இல்லையென்றால் ஆயுசுக்கும் கீழேயே நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

எனக்குத் தலையாட்டிவிட்டார்கள். இது உன் மலை இல்லை, என் மலை. வயிறு எரிந்தால் தண்ணீர் குடி.

லீசல்

*

கால்கரி
ஜூன் 20, 1997

அன்புள்ள லீசல்,

பார், இந்த முறை அன்புள்ள என்று எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் நீ சொன்னதில் பொய்யில்லை. நான் அப்படித்தான் கத்துவேன். யாரும் இதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

அலுவலகத்தில் என்னை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கையுறை, பூட்ஸ், கண்ணாடி இவற்றை மாட்டிப் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஊர்களைப் பற்றி எழுதுவதெல்லாம் வேறொருத்தி. நாள் முழுக்க ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சண்டையை விடு. எனக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்லேன். கோடையில் எப்படி இருக்கிறது? சைக்கிள் பாதை எங்கே தொடங்குகிறது? பனி எந்தப் பக்கம் நன்றாக விழும்? பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. படித்தாவது பார்க்கிறேன்.

கிராண்டின் காலுறைகளை வாசலுக்கு வெளியே வை. உள்ளே விடாதே.

மார்னி

*

கார்னெட் கிரீக்
ஜூலை 8, 1997

என் மார்னிக் கழுதையே,

தபால் நிலையத்திலேயே நின்று படித்து அழுதுவிட்டேன். போஸ்ட்மிஸ்ட்ரஸ், "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, பிழைத்துவிட்டார்கள் என்றேன். எவ்வளவு நாளாயிற்று நாம் பேசி!

எங்கிருந்து தொடங்குவது? இங்கே ஒரு பாதை இருக்கிறது. பெயர் பல்செட். வேர்களின் மேல் இறங்கும்போது வாயை மூடிக்கொள்ளாவிட்டால் பல் கொட்டிவிடும், அதனால்தான் அந்தப் பெயர். நான் வாழ்க்கையில் ஓட்டிய பாதைகளிலேயே இதுதான் ராணி. மலையுச்சியில் தொடங்கி ஏரிக் கரையில் முடியும். ஆனால் இறங்குமிடத்தை வெளியூர்க்காரன் யாரும் கண்டுபிடிக்க முடியாது. வால்ட் வேண்டுமென்றே முதல் பகுதியை வெட்டாமல் காடாகவே விட்டிருக்கிறார். பழைய மரம் வெட்டும் சாலையில் இரண்டாவது பாலத்தருகே இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். கரையில் டயர் தடம் விழக் கூடாது. விழுந்தால் கிளையை ஒடித்து அழித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒடிந்த தேவதாரு மரம் வந்ததும் கரையேறினால், பாதை விரிந்து கிடக்கும்!

பனியைப் பற்றிக் கேட்டாய். படகுத்துறைக்கு மேலே பழைய சுரங்கத்தின் பின்புறச் சரிவுக்குப் போ. ஊரெல்லாம் மழை பெய்தாலும் அங்கே முழங்காலளவு மாவு மாதிரிப் பனி கிடக்கும். மலைக்கும் சைக்கிளுக்கும் ஆசைப்படுகிறவன் வேறெங்காவது குடியிருந்தால் அவன் முட்டாள். நிஜமாகச் சொல்கிறேன்.

இதெல்லாம் உனக்கு மட்டும். மூச்சு விடாதே. வெளியூர்க் கூட்டம் வந்துவிடக் கூடாது என்று ஊர்ப் பெயர்ப் பலகையையே இவர்கள் நெடுஞ்சாலையிலிருந்து பிடுங்கி வால்ட் வீட்டுக் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். அரசாங்கம் நட நட, இவர்கள் பிடுங்கப் பிடுங்க, ஐந்தாறு சேர்ந்துவிட்டது.

ஒரு நாள் வா. போலியின் போர்ஷ் சூப்பை ஒரு முறை குடித்தால் திரும்பிப் போகமாட்டாய்.

உன் லீசல்

*

கார்னெட் கிரீக்
நவம்பர் 2, 1997

அடிப் பாவி,

நீ மனுஷியா? உனக்கு நெஞ்சில் ஈரம் என்று ஒன்று இருக்கிறதா?

"குடியேற ஒரு மலை: சைக்கிளுக்கும் பனிச்சறுக்குக்கும் நாட்டின் முதலிடம்." இப்படி உன் பத்திரிகை அட்டையிலேயே போட்டாயே! பாலம், ஓடை, ஒடிந்த மரம், சுரங்கத்துச் சரிவு, ஒன்றையும் விடவில்லை. எழுதியவர் பெயர் இல்லை, வெறும் "நம் நிருபர்". ஆனால் என் பெயர் இருக்கிறது. "'மலைக்கும் சைக்கிளுக்கும் ஆசைப்படுகிறவன் வேறெங்காவது குடியிருந்தால் அவன் முட்டாள்' என்று சிரிக்கிறார் ரொட்டிக் கடை மாடியில் வசிக்கும் லீசல் பிராண்ட்." நான் எங்கேடி சிரித்தேன்? எப்போது சிரித்தேன்?

படகுத்துறையில் கார் வரிசை வளைவு தாண்டி நிற்கிறது. பல்செட்டின் ஓடைக் கரையை மாடு மேய்ந்த மாதிரி மிதித்துவைத்திருக்கிறார்கள். வான்கூவரிலிருந்து ஒருத்தி போலியின் கடைக்கு வந்து, "இங்க லீசல்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்கதான் வழி காட்டுவாங்கன்னு போட்டிருக்கு" என்று கேட்டாள். கடை முழுக்க ஆட்கள். வால்ட் பத்திரிகையை மடித்து என் முன்னால் வைத்தார். "ஏம்மா, உனக்கு இருக்கிறது வாயா, ஊர்ச் சங்கா?" என்றார். நான், என் தோழி, கடிதம், கோபம் என்று என்னவெல்லாமோ உளறினேன். "யாருக்குச் சொன்னேன்னு நான் கேக்கல. சொன்னியா இல்லியா?" என்றார். சொன்னேன் என்றேன். அதோடு சரி. அவர் அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. யாருமே பேசுவதில்லை.

கிராண்ட் அன்றைக்கே பெட்டி கட்டினான். "நான் ஒண்ணும் சொல்லல, இவதான் சொன்னா" என்று கடையில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, வால்டுக்குப் பனி வண்டி ஓட்ட உதவுகிறவன் வீட்டில் போய்த் தங்கிவிட்டான். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பனி விழுந்துவிட்டது. காலையில் ஜன்னலில் நின்று பார்த்தேன். எல்லோரும் சறுக்குப் பலகைகளை வண்டியில் கட்டிக்கொண்டு மேலே போனார்கள். என்னைக் கூப்பிட ஆள் இல்லை. எனக்காகத் தோண்ட இந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

நீ நன்றாக இருப்பாயா?

லீசல்

*

கால்கரி
நவம்பர் 14, 1997

அன்புள்ள லீசல்,

நன்றாகவே இருக்கிறேன். விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தைக் காலைக் காப்பியோடு படித்தேன், மத்தியானம் படித்தேன், படுக்கப் போகும்முன் இன்னொரு முறை படித்தேன். ஜன்னலில் நின்று பார்த்தாய் அல்லவா, அந்த இடம் வரும்போதெல்லாம் ருசித்தது. போன குளிர்காலம் முழுக்க நானும் அப்படித்தான் நின்றேன். எனக்கு ஜன்னலுக்கு வெளியே மலைகூட இல்லை.

பொய் சொன்னாய் என்று திட்டுவாயோ? கையுறை பற்றி எழுதுகிறேன் என்று நான் சொன்னதும் பொய்தான். நீ எனக்குச் சொன்ன அதே அளவு, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லை. ஆனால் பத்திரிகையில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. எல்லாம் நீ எழுதியது. நீ சிரித்தாய் என்பது மட்டும் என் சேர்க்கை.

இன்னொரு செய்தி. வேலையை விட்டுவிட்டேன். படகுத்துறைக்கு மேலே பச்சைக் கதவு போட்ட வீட்டை விலைக்குப் பேசி முடித்தாயிற்று. டிசம்பர் முதல் வாரம் குடிவருகிறேன். கட்டுரையை யார் எழுதியது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உன் தோழி யார் என்று அவர்கள் கேட்கக்கூட இல்லை என்று நீயே எனக்கு எழுதிவிட்டாய். கிராண்ட் ஊகித்தாலும் வாயைத் திறக்கமாட்டான், என்னோடு ஐந்து வருடம் இருந்தவன் என்று தெரிந்தால் அவனையும் தள்ளிவைத்துவிடுவார்கள். நான் பாட்டுக்கு விறகு பிளந்துகொண்டு, பனி வாரிக்கொண்டு, நல்ல பெண்ணாக இருப்பேன். வால்ட் அந்தக் கேள்வியைக் கேட்பார். தலையாட்டுவார்கள். நீ அதையும் ஜன்னலில் நின்று பார்.

மார்னி

*

கார்னெட் கிரீக், பெட்டி எண் 42
ஜனவரி 19, 1998

மார்னி,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதமா என்று யோசிக்காதே. உன் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் தபால் பெட்டி என்னுடையதற்கு அடுத்தது. போஸ்ட்மிஸ்ட்ரஸ், "பக்கத்துப் பெட்டிக்குப் போட ஸ்டாம்ப் வேறயா? காசுக்குப் புடிச்ச கேடு" என்று முணுமுணுத்தாள்.

நீ வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வால்ட் உனக்கு விறகு கொண்டுவந்து அடுக்கியதைப் பார்த்தேன். போலி உனக்கு நீயாகக் கேட்காமலே இரண்டாவது கிண்ணம் சூப் ஊற்றியதைப் பார்த்தேன். போன வாரம் அவர் கேட்டாராம், எல்லோரும் தலையாட்டினார்களாம். கிராண்டுகூடத் தலையாட்டினானாம். நேற்று அவர்களோடு மேலே போனாய். முதலில் இறங்கியதும் நீதானாம்.

அதற்காகத்தான் காத்திருந்தேன். நீ வந்த அன்றே செய்திருக்கலாம். அப்போது உனக்கு இழக்க என்ன இருந்தது?

தபால் நிலையத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறதே, படகு நேரமும் காணாமற்போன நாயும் ஒட்டியிருக்கும் பலகை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் திரும்பிப் பார். உன் ஜூன் கடிதமும் நவம்பர் கடிதமும் அங்கே குத்தியிருக்கின்றன. காலையில் கதவு திறந்ததிலிருந்து ஊரே வந்து படித்துக்கொண்டிருக்கிறது. உன் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

லீசல்

*

கார்னெட் கிரீக், பெட்டி எண் 41
பிப்ரவரி 6, 1998

லீசல்,

நின்றார்கள். வால்ட் முன்னால் நின்றார்.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. "நீ தோண்டுவம்மா. நல்லாத் தோண்டுவ. எங்க எல்லாருக்கும் குழியே தோண்டிட்ட" என்று மெதுவாகத்தான் சொன்னார். மறுநாள் வந்து மிச்ச விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போலி கடைக்குள் நான் நுழைந்தால் அடுப்பைப் பார்க்கிறாள். கிராண்ட் என்னைக் கண்டதும் சாலையின் அந்தப் பக்கம் போனான். அவனே போகிறான் என்றால் பார்த்துக்கொள்.

வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். எங்கே போவது? வேலையையும் விட்டாயிற்று. மூன்று வருடம் தேடி நான் கண்டுபிடித்த ஒரே இடம் இது. என்னை இங்கிருந்து துரத்திவிட்டோம் என்று நீ நிம்மதியாகத் தூங்குவதற்கு நான் போகமாட்டேன். இங்கேயே கிடந்து உன் கண்ணில் தினமும் படுவேன்.

உன்னை எவ்வளவு வெறுக்கிறேன் என்று எழுதித் தீராது.

மார்னி

*

பெட்டி எண் 42
பிப்ரவரி 12, 1998

மார்னி,

நானும் போகப்போவதில்லை. அந்த ஆசை வேண்டாம்.

இரண்டு நாளாகப் பனி கொட்டுகிறது. நாளை மறுநாள் வானம் திறக்கும் என்று படகுக்காரன் சொன்னான். சுரங்கத்துச் சரிவில் இடுப்பளவு கிடக்கும். மற்றவர்கள் எல்லோரும் ஏரிக்கு எதிர்ப்பக்கம் போகிறார்கள், பேசிக்கொண்டார்கள். அந்தச் சரிவு முழுக்கக் காலி.

உன்னோடு ஒருவரும் வரமாட்டார்கள். என்னோடும் ஒருவரும் வரமாட்டார்கள். தனியாகப் போக எனக்குப் பைத்தியம் இல்லை. உனக்கும் இல்லை. மன்னிப்பு, சமாதானம் என்று எதையாவது எழுதிவிடாதே, வாந்தி வரும். மலை வேண்டும். மலைக்கு இரண்டு பேர் வேண்டும். இந்த ஊரில் மிச்சமிருக்கிற இரண்டாவது ஆள் நீதான்.

சனிக்கிழமை விடிந்ததும் படகுத்துறையில் நிற்பேன். மண்வெட்டி கொண்டுவருகிறேன்.

லீசல்

*

பெட்டி எண் 41
பிப்ரவரி 12, 1998, மத்தியானம்

லீசல்,

உன் கடிதம் கிடைத்தது. போஸ்ட்மிஸ்ட்ரஸ் ஸ்டாம்ப் இல்லாமலே கையில் கொடுத்துவிட்டாள்.

வருகிறேன். புதைந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கழுத்தில் மாட்டும் கருவிக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன். நீயும் போடு. உன்னுடையது எப்போதும் பாதி செத்த நிலையில்தான் இருக்கும்.

முதலில் இறங்குவது யார்? சரிவு உடைந்தால் முதலில் இறங்குகிறவள்தான் புதைவாள், மேலே நிற்கிறவள்தான் தோண்ட வேண்டும். மூன்று வருடமும் நான்தான் முதலில் இறங்கினேன், நீதான் மேலே நின்றாய். அப்போது திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குவேன். இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நேராகவே கேட்கிறேன், நேராகவே பதில் சொல். நான் புதைந்தால் நீ தோண்டுவாயா?

மார்னி

*

பெட்டி எண் 42
பிப்ரவரி 13, 1998

மார்னி,

நீயே முதலில் இறங்கு. உனக்குத்தான் அது பிடிக்கும்.

தோண்டுவேன். ஆனால் அவசரப்பட மாட்டேன்.

லீசல்